ஊர்க் கணக்கும் ஓட்டுப் பெட்டியும்

இந்தியா குடியாட்சிக்கு மாறிய நாள் எது என்று கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகூட 1950 ஜனவரி 26 என்று சொல்லிவிடும். கொஞ்சம் விவரம் தெரிந்தவர், அரசியல் நிர்ணய சபை அரசமைப்பை ஏற்றுக்கொண்ட 1949 நவம்பர் 26-ஐச் சொல்வார். ஓட்டுதான் எல்லாம் என்று நினைப்பவர், 1951 அக்டோபரில் தொடங்கி 1952 பிப்ரவரியில் முடிந்த முதல் பொதுத்தேர்தலைக் காட்டுவார். மூவர் சொல்வதும் சரி. ஆனால் மூன்றும் டெல்லியின் தேதிகள். பழநி வட்டாரத்துச் சமவெளியில் இருக்கும் கீரனூரில் அது எந்தத் தேதியில் வந்து இறங்கியது என்று கேட்டால் விடை அவ்வளவு சுலபமாகக் கிடைப்பதில்லை.

கீரனூர் என்றதும் வெளியூர்க்காரர்கள் புதுக்கோட்டைக் கீரனூரா என்பார்கள். இது திண்டுக்கல் மாவட்டத்துக் கீரனூர், பேரூராட்சி. இலக்கியம் படிப்பவர்களுக்கு கீரனூர் ஜாகிர்ராஜாவின் பெயரோடு சேர்ந்து நினைவில் இருக்கும். ராவுத்தர் தெருக்கள், மற்றச் சாதித் தெருக்கள், ஊரைத் தாண்டினால் கிணற்றை நம்பிய தோட்டங்கள், மழையை நம்பிய காடுகள். வரலாற்றுப் புத்தகத்தில் தேடினால் அகப்படாத ஊர். அதனாலேயே இந்தக் கேள்விக்கு ஏற்ற ஊர். சென்னையும் டெல்லியும் தங்கள் மாற்றத்தைத் தாங்களே எழுதி வைத்துக்கொள்ளும். இது போன்ற ஊர்களில் அரசாங்கம் எப்போது யார் கையிலிருந்து யார் கைக்கு மாறியது என்பதை நாம்தான் கூட்டிப் பார்க்க வேண்டும்.

பழைய கதையிலிருந்து தொடங்குவோம். வெள்ளைக்காரன் காலத்தில் இந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கு அரசாங்கம் என்றால் மணியக்காரர், கணக்குப்பிள்ளை, தலையாரி. பழநி வட்டத்தில் ஆயக்குடி, நெய்க்காரப்பட்டி என்று ஜமீன்களும் இருந்தன. அங்கே இவர்களுக்கு மேலே ஜமீன்தாரும் உண்டு. மணியக்காரர் கிஸ்தி வாங்குவார், கணக்குப்பிள்ளை எழுதுவார், தலையாரி ஆளைக் கூட்டிவருவார். இந்த வேலைகள் அப்பனுக்குப் பின் மகனுக்கு. அதற்கென்றே 1895-இல் சென்னை மாகாணத்தில் பரம்பரைக் கிராம அலுவலர் சட்டம் என்று ஒன்று போட்டு வைத்திருந்தார்கள். கலெக்டர் மாறுவார், தாசில்தார் மாறுவார், கணக்குப்பிள்ளை வீடு மாறாது.

கணக்குப்பிள்ளை எழுதிய அடங்கலை ஒருமுறை புரட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, தீர்வை, பட்டாதாரர் பெயர், என்ன பயிர், எப்போது விதைப்பு, எப்போது அறுப்பு. ஒரு துண்டு நிலத்தைப் பற்றி இவ்வளவு விவரமாக எழுதிய அரசாங்கம் உலகத்தில் அதிகம் இருக்காது. அந்த நிலத்தில் களை எடுத்தவளுக்கு அதில் ஒரு வரி கிடையாது. பரப்பு இருப்பவனுக்குத்தான் பெயர். அரசாங்கம் மனிதர்களை மண்ணின் வழியாகவே பார்த்தது. மண் இல்லாதவர்கள் அதன் கண்ணில் படவில்லை. பட வேண்டிய தேவையும் அதற்கு இல்லை.

ஓட்டும் அதே வழியில்தான் வந்தது. 1919 சட்டத்திலும் 1935 சட்டத்திலும் யாருக்கு ஓட்டு என்பதை நிலவரி, வருமான வரி, படிப்பு முதலியவை தீர்மானித்தன. 1937 மாகாணத் தேர்தலில் பிரிட்டிஷ் இந்தியா முழுவதும் ஓட்டுரிமை பெற்றவர்கள் சுமார் 3 கோடிப் பேர். பெரும்பாலான மக்கள் வேடிக்கை பார்த்தார்கள். ராஜாஜி தலைமையில் சென்னையில் அமைந்த காங்கிரஸ் மந்திரி சபையை மக்கள் ஆட்சி என்று கொண்டாடினார்கள்; அந்த மக்களில் கூலிக்காரர் அநேகமாக இல்லை.

இங்கே உத்திரமேரூரை ஞாபகப்படுத்திக்கொள்வது நல்லது. குடியாட்சி பற்றி மேடை ஏறுகிற எவரும் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டை இழுக்காமல் இறங்குவதில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தேர்தல் நடத்தியவர்கள் நாம் என்று கைதட்டல் வாங்குவார்கள். அந்தக் கல்வெட்டு என்ன சொல்கிறது? வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும், வயது 35-க்கும் 70-க்கும் நடுவில். அது ஒரு பிராமண சபையின் வாரியத் தேர்வு. ஒழுங்கு இருந்தது, கணக்குக் காட்டாதவனை ஒதுக்கி வைக்கும் கறாரும் இருந்தது, அதைப் பாராட்டலாம். ஆனால் கால் வேலி நிலம் கேட்ட பராந்தகன் காலமும் நிலவரி ரசீது கேட்ட 1935-ஆம் ஆண்டும் ஒரே பாதையில் நிற்பவை. இடையில் ஆயிரம் ஆண்டு ஓடியும் மண்ணில்லாத மனிதன் எண்ணிக்கையில் வரவில்லை.

கீரனூர் போன்ற ஊருக்கு இன்னொரு தடுப்பும் இருந்தது. 1909 சீர்திருத்தத்திலிருந்து முஸ்லிம்களுக்குத் தனித்தொகுதி. சட்டசபைத் தேர்தலில் முஸ்லிம் வாக்காளர் முஸ்லிம் தொகுதியில் ஓட்டுப் போடுவார், மற்றவர் பொதுத்தொகுதியில். 1946 தேர்தல் வரை இதுதான் ஏற்பாடு. ஒரே சந்தையில் காய்கறி வாங்கி, ஒரே கிணற்றுத் தண்ணீரில் தோட்டம் செய்து, ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் மொய் எழுதும் ஊரில், தங்களை ஆள்பவரைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் இவருக்கு ஒரு பட்டியல், அவருக்கு ஒரு பட்டியல்.

அரசியல் நிர்ணய சபையில் இந்த ஏற்பாட்டைக் காப்பாற்ற வாதாடியவர்களில் முக்கியமானவர்கள் சென்னை மாகாணத்துக்காரர்கள்: பி. போக்கர் சாகிப், காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில். பெரும்பான்மையின் கடலில் தங்கள் குரல் கரைந்துவிடும் என்ற அவர்களுடைய அச்சத்தைப் பிரிவினையின் சூட்டில் யாரும் பொறுமையாகக் கேட்கவில்லை. அந்த அச்சம் முழுக்க வீண் என்று இன்று சொல்லவும் முடியாது. தனித்தொகுதி போயிற்று. அரசமைப்பின் 325-ஆவது பிரிவு ஒரு தொகுதிக்கு ஒரே பொதுப் பட்டியல்தான், மதம் சாதி பால் காரணமாக யாரையும் அதிலிருந்து விலக்கக் கூடாது என்றது. அடுத்த பிரிவு 326, வயது வந்த எல்லோருக்கும் வாக்கு என்றது. அப்போது 21 வயது; 1989-இல்தான் 18 ஆனது. காயிதே மில்லத் தோற்றுப்போன வாதத்தை மனத்தில் வைத்துக்கொண்டு புது நாட்டின் நாடாளுமன்றத்தில் பின்னாளில் உட்கார்ந்தார். திண்டுக்கல் மாவட்டமே ஒரு காலத்தில் அவர் பெயரைத் தாங்கியிருந்தது. 1997-இல் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை எடுத்தபோது அதுவும் போயிற்று.

325-உம் 326-உம் சேர்ந்து செய்த காரியம் என்ன என்பதைக் கீரனூரிலிருந்து பார்த்தால் தெளிவாகத் தெரியும். அடங்கலில் இல்லாத களைக்காரிக்கு ஒரு வரி கிடைத்தது. வரிசை எண், கதவு எண், பெயர், தகப்பன் அல்லது கணவன் பெயர், வயது, ஆணா பெண்ணா. அவள் வரிக்கு மேல்வரியில் அவள் வேலை செய்த தோட்டக்காரர் இருக்கலாம், கீழ்வரியில் ராவுத்தர் வீட்டுப் பெரியவர் இருக்கலாம். வரி நீளத்தில் வித்தியாசம் இல்லை. பரப்பு, தீர்வை என்று எந்தக் கட்டமும் இல்லை. அரசாங்கம் முதன்முறையாக மண்ணைப் பார்க்காமல் மனிதரைப் பார்த்தது.

*

இந்தப் பட்டியலை எழுதும் வேலை அரசமைப்பு முடிவதற்கு முன்பே, 1948-லேயே தொடங்கிவிட்டது என்பது பலருக்குத் தெரியாது. யார் குடிமகன் என்ற பிரிவு இன்னும் விவாதத்தில் இருந்தபோதே வாக்காளர் பட்டியல் வீடு வீடாக எழுதப்பட்டது. எழுத்தறிவு நூற்றுக்கு இருபதுகூட இல்லாத நாட்டில் 17 கோடிக்கும் மேற்பட்ட பெயர்கள். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று சொன்னார்களே தவிரத் தன் பெயரைச் சொல்லாத பெண்கள் வடக்கே ஏராளம். அப்படிப் பதிவான சுமார் 28 லட்சம் பேரை முதல் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் பட்டியலிலிருந்து நீக்கினார். கொடுமையாகத் தெரியும் முடிவுதான். ஆனால் அடுத்த தேர்தலுக்கு அந்தப் பெண்கள் தங்கள் பெயரைச் சொன்னார்கள்.

1952 ஜனவரியில் சென்னை மாகாணம் ஓட்டுப் போட்டது. இன்றைய பிள்ளைகளுக்கு அந்தச் சாவடி விசித்திரமாக இருக்கும். ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனி இரும்புப் பெட்டி. பெட்டியின் மேல் சின்னம். மறைப்புக்குப் பின்னால் பெட்டிகள் வரிசையாக நிற்கும். வாக்காளர் கையில் ஒரு சீட்டு. முத்திரை குத்த வேண்டாம், எழுத வேண்டாம். பிடித்த சின்னம் ஒட்டிய பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். இரட்டைக் காளைப் பெட்டிக்கு முன்னால் நின்று ஒருவர் கும்பிடு போட்டாலும் உள்ளே யாரும் பார்க்கப்போவதில்லை. மணியக்காரருக்கும் தெரியாது, ஜமீனுக்கும் தெரியாது. அந்த மறைப்புத் துணிக்குப் பின்னால் நின்ற அரை நிமிஷம்தான், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத இடத்தில் ஒரு கூலிக்காரர் அரசாங்கத்தோடு தனியாக இருந்த முதல் தருணம்.

அதன் பலனும் உடனே தெரிந்தது. சென்னைச் சட்டசபையின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. கம்யூனிஸ்டுகள் 62. சுதந்திரம் வாங்கித் தந்த கட்சிக்கே பெரும்பான்மை இல்லை. பிரகாசம் தலைமையில் எதிர்க்கட்சிகள் ஒன்றுகூடி ஆட்சி கோரின. கவர்னர் ஸ்ரீபிரகாசா, தேர்தலில் நிற்காத ராஜாஜியை மேலவைக்கு நியமித்து முதலமைச்சராக்கினார். எல்லோருக்கும் ஓட்டு என்று வந்த முதல் தேர்தலுக்குப் பின் மாகாணத்தை ஆள வந்தவர் ஒரு ஓட்டும் கேட்காதவர். குடியாட்சி வந்த முதல் ஆண்டிலேயே அதைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்தி வைக்கவும் நாம் கற்றுக்கொண்டோம். எழுத்தில் தவறு ஒன்றும் இல்லை. விதிகளின்படிதான் எல்லாம் நடந்தது. விதிகளின்படி நடப்பது பற்றி மேலும் பேச வேண்டியிருக்கும்.

பட்டியல் ஒரு கதவு. திறக்கலாம், மூடலாம். அதை நம் பக்கத்திலேயே பார்த்தோம். இலங்கையில் 1931-லேயே, டொனமூர் அரசியல் சீர்திருத்தத்தின் வழியாக, வயதுவந்த எல்லோருக்கும் வாக்குரிமை வந்துவிட்டது. ஆசியாவில் அது முதல்தடவை. நமக்கு இருபதாண்டு முன்பு. 1947 தேர்தலில் மலையகத் தோட்டத் தமிழர்கள் தங்கள் பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1948-இல் குடியுரிமைச் சட்டம், அடுத்த ஆண்டு தேர்தல் சட்டத் திருத்தம். லட்சக்கணக்கான பேர் பட்டியலிலிருந்து காணாமல் போனார்கள். 1952 தேர்தலில் அவர்கள் தரப்பில் ஒருவரும் வெல்லவில்லை. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினர் நம் கொடைக்கானல் மலையிலும் குடியேறினார்கள். பிறந்த நாட்டில் அடித்து எழுதப்பட்ட பெயர் பாட்டன் பிறந்த நாட்டில் மறுபடி எழுதப்பட்டது. அங்கே முறைப்படி நடந்த குடியாட்சிதான் அவர்களை வெளியே அனுப்பியது என்பதை மறந்துவிடக் கூடாது.

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்கான படிவங்கள் தமிழ்நாட்டில் வீடு வீடாக வந்தன. இருபதாண்டுக்கு முந்தைய பட்டியலில் நீங்களோ உங்கள் அப்பா அம்மாவோ எங்கே இருந்தீர்கள் என்று கேட்டது அந்தப் படிவம். திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போன குடும்பங்கள், கல்யாணமாகி வேறு ஊர் போன பெண்கள், அப்போது எந்த ஊரில் எந்த வார்டில் ஓட்டு இருந்தது என்று போனில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இறந்தவர் பெயரை நீக்குவதும் இரட்டைப் பதிவை நீக்குவதும் தேவைதான். ஆனால் 1948-இல் அரசாங்கம் மக்களைத் தேடி வந்து எழுதிக்கொண்டு போனது. இப்போது நீ இருக்கிறாய் என்பதை நீ காட்டு என்கிறது. இரண்டும் ஒரே பட்டியல். கேட்கும் முகம் வேறு.

*

1952-இல் ஓட்டுப் பெட்டி வந்துவிட்டது. ஊர்க் கணக்கு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. 1948-இல் போட்ட ஜமீன் ஒழிப்புச் சட்டத்தால் ஜமீன்கள் போயின. ஜமீன்தாருக்குக் கீழே இருந்த மணியக்காரரும் கணக்குப்பிள்ளையும் அப்படியே இருந்தார்கள். அரசமைப்பின் 16-ஆவது பிரிவு, அரசு வேலையில் பரம்பரை காரணமாக யாருக்கும் சலுகை கூடாது என்கிறது. கிராமங்களில் 1895-ஆம் ஆண்டுச் சட்டமே நடந்தது. ஆந்திரத்தில், ஒரு கிராமத்தை இரண்டாகப் பிரித்துப் புதிதாக உண்டாக்கிய கிராமத்தின் முன்சீப் வேலைக்கு கஜுல தசரத ராம ராவ் என்பவரை நியமித்தார்கள். பழைய முன்சீப் குடும்பத்துக்குத்தான் உரிமை என்று அவரை எடுத்துவிட்டார்கள். அவர் உச்ச நீதிமன்றம் போனார். 1960 டிசம்பரில் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது: கிராம முன்சீப் வேலையும் அரசு வேலைதான், அதில் பரம்பரைச் சலுகை செல்லாது. ஒரு கிராமத்து வேலைக்காக நடந்த வழக்கு. அரசமைப்பு கிராமச் சாவடிக்கும் பொருந்தும் என்று சொல்லவே கிட்டத்தட்ட பதினோரு ஆண்டு ஆயிற்று. தீர்ப்பு வந்த பிறகும் தமிழ்நாட்டில் அந்த வேலைகள் பெரும்பாலும் அந்தந்த வீடுகளையே சுற்றிக்கொண்டிருந்தன.

திண்டுக்கல்லை வெளியூர்க்காரர்கள் அரசியலில் நினைவு வைத்திருப்பது 1973 மே மாத இடைத்தேர்தலுக்காக. கட்சி தொடங்கி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது; எம்.ஜி.ஆரின் வேட்பாளர் மாயத் தேவர் இரட்டை இலையில் ஜெயித்தார். ஆளும் திமுக மூன்றாம் இடத்துக்குப் போயிற்று. ஓட்டுப் பெட்டி எவ்வளவு வேர் விட்டிருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆளுங்கட்சியை மூன்றாவதாக்கிவிட்டு அடுத்த நாள் காட்டு வேலைக்குப் போன மக்கள். ஆனால் அடுத்த நாள் பட்டா மாற்றவும் சிட்டா நகல் வாங்கவும் அவர்கள் போய் நின்றது அதே கணக்குப்பிள்ளை வீட்டுத் திண்ணையில்தான். ஆட்சியை மாற்றத் தெரிந்தவர்களுக்குத் திண்ணையை மாற்ற முடியவில்லை.

திண்ணையை மாற்றியவரும் அதே எம்.ஜி.ஆர். 1980 நவம்பரில் ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகள் அத்தனையும் ஒழிக்கப்பட்டன. அவர்கள் இடத்தில் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். பரீட்சை எழுதி, பணியாளர் தேர்வாணையத்தின் வழியாக வருபவர். பழையவர்கள் வழக்குப் போட்டார்கள். 1982-இல் உச்ச நீதிமன்றம் அரசு செய்தது செல்லும் என்றது. எம்.ஜி.ஆரின் ஆட்சியைப் பற்றிப் பேசுபவர்கள் சத்துணவைப் பேசுவார்கள், சினிமாவைப் பேசுவார்கள். இதைப் பேசுவது குறைவு. என் கணக்கில் கிராமத்துக்குள் குடியரசு நுழைந்த நாள்களில் அது முக்கியமான நாள். எந்தச் சாதிக்காரரும், பின்னாளில் எந்தச் சாதிப் பெண்ணும், அடங்கல் எழுதும் நாற்காலியில் உட்கார வழி திறந்தது. அரசமைப்பு வந்து முப்பது ஆண்டு கழித்து. வி.ஏ.ஓ. அலுவலகத்தில் லஞ்சம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் லஞ்சம் வாங்கும் வி.ஏ.ஓ.வை மாற்றலாம், பிடித்துக் கொடுக்கலாம். பரம்பரையை யாரிடம் பிடித்துக் கொடுப்பது?

*

கணக்கு கைமாறியது. மிச்சம் இருந்தது நாற்காலி. ஊரை நடத்தும் நாற்காலி.

1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு வரைவை முன்வைத்துப் பேசிய அம்பேத்கர், கிராமத்தை அடிப்படை அலகாகக் கொள்ளாததற்காக மகிழ்ச்சி தெரிவித்தார். கிராமம் அறியாமையும் சாதியும் குடியிருக்கும் இடம் என்பது அவர் அனுபவம். காந்தியைப் பின்பற்றியவர்கள் கொதித்தார்கள். சென்னையைச் சேர்ந்த கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தத்தின்படி ஊராட்சிகள் அமைப்பது அரசின் கடமை என்று ஒரு பிரிவு சேர்ந்தது. இன்று அது 40-ஆவது பிரிவு. வழிகாட்டும் நெறிகளில் போட்டார்கள், அதாவது நீதிமன்றத்தில் கேட்க முடியாத இடத்தில். அம்பேத்கர் சொன்னதும் சரி, சந்தானம் கேட்டதும் சரி என்ற சங்கடத்தில்தான் அந்தப் பிரிவு பிறந்தது. சாதி ஆளும் ஊருக்கு அதிகாரம் கொடுத்தால் சாதிக்குத்தான் கொடுக்கிறோம். கொடுக்காவிட்டால் ஊர் என்றைக்கும் மனுக் கொடுக்கும் இடமாகவே இருக்கும்.

எல்லா அரசாங்கங்களும் அந்தச் சங்கடத்தைத் தங்களுக்கு வசதியாகப் பயன்படுத்திக்கொண்டன. காமராஜர் காலத்து 1958 சட்டத்தில் ஊராட்சிகளும் ஊராட்சி ஒன்றியங்களும் நன்றாகத்தான் முளைத்தன. திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் நடுவே காந்திகிராமத்தில் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் இதற்கென்றே ஆள்களைப் பழக்கினார்கள். 1970-க்குப் பிறகு ஊராட்சித் தேர்தல் 1986-இல்; அதற்குப் பிறகு 1996-இல். சட்டசபைத் தேர்தல் இப்படிப் பதினாறு ஆண்டு நடக்காமல் இருந்திருந்தால் நாட்டில் என்ன நடந்திருக்கும்? ஊர்த் தேர்தல் நடக்காதபோது ஒன்றும் நடக்கவில்லை. வாய்க்கால் வெட்டியவர்கள் தலைமடையில் உட்கார்ந்துகொண்டு தண்ணீர் ஓடுகிறது என்றார்கள். கடைமடைக்காரன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

73, 74-ஆவது திருத்தங்கள் 1993-இல் நடைமுறைக்கு வந்தன. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல், தலித்துகளுக்கும் பழங்குடிகளுக்கும் பெண்களுக்கும் இடஒதுக்கீடு, மாநிலத் தேர்தல் ஆணையம். அம்பேத்கரின் அச்சத்துக்கு நாற்பத்தைந்து ஆண்டு கழித்து அரசமைப்பு சொன்ன பதில் அது: ஊருக்கு அதிகாரம், ஆனால் சுழற்சியில் நாற்காலி. அந்த நாற்காலிக்கு ஊர் என்ன விலை கேட்டது என்பதை அப்போது மதுரை மாவட்டம் காட்டியது. மேலவளவில் தலைவரான முருகேசனும் அவரோடு இருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊர்களில் தலித் தலைவர் வரக் கூடாது என்று பத்தாண்டு தேர்தலையே நடக்கவிடவில்லை; 2006-இல்தான் முறையாக நடந்தது. நாடாளுமன்றத்துக்கும் சட்டசபைக்கும் இதே ஊர்க்காரர்கள் ஒழுங்காக ஓட்டுப் போட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். தூரத்து நாற்காலியில் தலித் உட்கார்ந்தால் பொறுத்துக்கொண்டார்கள். பக்கத்து நாற்காலி என்றால் அரிவாள். குடியாட்சி ஒரு ஊரில் வேர் பிடித்ததா என்பதை அறிய அந்த ஊர் எம்.எல்.ஏ.வை எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்று பார்த்துப் பயனில்லை. தலைவர் நாற்காலியில் யாரை உட்காரவிடுகிறது என்று பார்க்க வேண்டும்.

*

இப்போது கீரனூருக்கு வருவோம். 2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலை, இடஒதுக்கீடு சரியாகச் செய்யப்படவில்லை என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த மாதமே பழைய மன்றங்களின் காலம் முடிந்தது. தனி அலுவலர்கள் வந்தார்கள். வார்டு மறுவரையறை, மேல்முறையீடு, புது மாவட்டங்கள், மறுபடி மறுவரையறை. திண்டுக்கல் மாவட்டத்துக் கிராம ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பர் கடைசியில் தேர்தல் நடந்தது. கீரனூர் பேரூராட்சி என்பதால் நகர்ப்புற உள்ளாட்சி. அதற்கு 2022 பிப்ரவரி 19 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பக்கத்துக் கிராமத்தில் தலைவர் இருந்தார். நம் ஊரில் இல்லை. ஐந்து ஆண்டும் நான்கு மாதமும். ஒரு மன்றத்தின் முழு ஆயுளைவிட அதிகம்.

இந்தக் காலத்தில் ஊர் ஓடவில்லையா? ஓடியது. குப்பை அள்ளினார்கள், குடிநீர் வந்தது, வரி வசூலானது, கொரோனா காலத்தில் தெருவுக்குத் தெரு மருந்து அடித்தார்கள். கவுன்சிலர் இல்லாததே நிம்மதி, கமிஷன் மிச்சம் என்று டீக்கடையில் சொன்னவர்களும் உண்டு. அதை லேசில் தள்ளிவிட முடியாது. கவுன்சிலர்கள் தங்கள் மேல் தேடிக்கொண்ட பெயர் அது. ஆனால் தனி அலுவலர் நல்லவராக இருந்தால் அது நம் அதிர்ஷ்டம். மோசமானவராக இருந்தால் நம்மிடம் அதற்கு மருந்து இல்லை. அவர் பதில் சொல்ல வேண்டியது மேலே. மேலே பதில் சொல்பவர் நல்லவரானாலும் கெட்டவரானாலும் கீழே இருப்பவர் செய்யக்கூடியது மனு எழுதுவது ஒன்றுதான்.

2022 பிரச்சாரத்தில் ஒரு தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். பெண்களுக்கான வார்டு. வேட்பாளர் கையைக் கூப்பி நின்றுகொண்டிருந்தார், பேசியதெல்லாம் கணவர். குழாயடியில் குடத்தோடு நின்ற பெரியம்மா அவரைப் பாதியில் நிறுத்தினார். "நீ சித்த இரு தம்பி. ஓட்டு உனக்கா, அந்தப் புள்ளைக்கா? நீ சொல்லு கண்ணு, தண்ணி வரலீன்னா எங்க வந்து கேக்கட்டும்?" அந்தப் பெண் கணவரை ஒருமுறை பார்த்துவிட்டு, "எங்க வூட்டுக்கே வாங்க பெரியம்மா. உங்களுக்குத் தெரியாத வூடா?" என்றார். பெரியம்மா சிரித்துவிட்டு, "அப்பச் சரி. தெரியாத வூடா இருந்தாத்தான் எங்களுக்குக் கஷ்டம்" என்றார்.

ஊராட்சி பற்றிய சட்டமும் ஆய்வுகளும் பக்கம் பக்கமாகச் சொல்வதைப் பெரியம்மா அந்த இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார். ஆள்பவரின் வீடு தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கதவைத் தட்டும் உரிமை இருக்க வேண்டும். முதலமைச்சர் வீட்டுக் கதவை நாம் தட்ட முடியாது, எம்.எல்.ஏ. வீட்டில் தட்டினால் உதவியாளர் வருவார். கவுன்சிலர் வீட்டில் அவரேதான் திறந்தாக வேண்டும். கணவர் பின்னால் இருந்து இயக்குவார் என்பதும் தெரிந்த கதைதான். ஆனால் கேள்வி தன்னை நோக்கி வந்ததும் அந்தப் பெண் வாய் திறந்தார். அந்தக் கேள்வி வருவதற்கு ஒரு தேர்தல் நடக்க வேண்டியிருந்தது.

நேபாளத்தைப் பாருங்கள். 2008-இல் மன்னராட்சியை ஒழித்துக் குடியரசானார்கள். 2015-இல் புதிய அரசமைப்பு. உலகமே அந்த மாற்றத்தைப் பேசியது. ஆனால் 1997-இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலுக்குப் பிறகு அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 2017-இல்தான் நடந்தது. மன்னரை இறக்கிய மக்கள் தங்கள் ஊர்த் தலைவரைத் தேர்ந்தெடுக்க அதற்குப் பின்னும் ஒன்பதாண்டு காத்திருந்தார்கள். எங்கும் மாற்றம் கடைசிப் படிக்குத்தான் கடைசியில் வருகிறது. திருப்பி எடுக்கும்போது அங்கிருந்துதான் முதலில் எடுக்கிறார்கள்.

எடுக்க ராணுவம் வர வேண்டியதில்லை. ஒரு வழக்கு, ஒரு மறுவரையறை, ஒரு தனி அலுவலர் நியமன ஆணை போதும். எல்லாம் விதிகளின்படி. அரசமைப்பின் 243யு பிரிவு, நகராட்சி மன்றத்தின் ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தல் முடிந்திருக்க வேண்டும் என்கிறது. 2006-இல் கிஷன்சிங் தோமர் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதையே வலியுறுத்தியது. நாம் பத்தாண்டு கழித்து அதை மீறினோம், வழக்கறிஞர்கள் துணையோடு. என்னை உறுத்துவது அரசாங்கம் செய்தது மட்டுமில்லை. அந்த ஐந்து ஆண்டில் எங்கள் ஊர் மன்றம் எங்கே என்று கேட்டு இந்தப் பக்கத்தில் ஓர் ஊர்வலமும் போனதாகத் தெரியவில்லை. 1952-இல் கிடைத்த ஓட்டை நாம் மேலிருந்து வந்த வரமாகப் பழகிவிட்டோம். பக்கத்து நாற்காலியை நம்முடையதாக எண்ணப் பழகவில்லை.

2019-இல் முந்திக்கொண்டு தேர்ந்தெடுத்த சுற்றுக் கிராமங்களின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. அங்கே மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள். இப்போது நிலைமை தலைகீழ்: பேரூராட்சியில் மன்றம் இருக்கிறது, பக்கத்துக் கிராமத்தில் இல்லை. கீரனூர் மன்றம் பதவியேற்றது 2022 மார்ச்சில். 2027 மார்ச்சில் அதன் ஐந்தாண்டு நிறையும். அதற்கு முன்பே தேர்தல் முடிந்திருக்க வேண்டும் என்பது சட்டம். இந்தத் தேதியை டெல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளாது, சென்னைக்கு ஞாபகம் வைத்துக்கொள்ளாமல் இருப்பதில் லாபம் உண்டு. கீரனூர்க்காரர்கள்தான் வைத்துக்கொள்ள வேண்டும். கிராமத்துக்காரர்கள் இழந்ததையும் சேர்த்து அவர்கள்தான் கேட்க வேண்டும். அரசமைப்பு எந்த நாளில் இங்கே வந்து இறங்கியது என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த விடை இவ்வளவுதான்: அது ஐந்தாண்டுக்கு ஒருமுறை வந்து இறங்க வேண்டும். கேட்காத ஊருக்கு வராது.